மீன்பிடித் தடைக்காலம் முடிந்து பார்த்தால் விசைப்படகு என்ஜின் ஆயில் பால் டீ நிறத்தில் இருக்கிறது. மெக்கானிக், ஹெட் கேஸ்கெட் (என்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்கிறார். ஹெட்டை இறக்கலாமா?

இப்போதைக்கு இறக்காதீர்கள். உள்ளே வந்தது கடல்தண்ணியா, ரேடியேட்டர் தண்ணியா என்று தெரியாமல் ஸ்பானரைத் தொடுவது வீண் செலவு. ஹீட் எக்ஸ்சேஞ்சர் (என்ஜினுக்குள் சுற்றும் ரேடியேட்டர் தண்ணியை, தனி வழியில் ஓடும் கடல்தண்ணி குளிர வைக்கும் அமைப்பு) வைத்த என்ஜின் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். அதில் ஹெட் கேஸ்கெட் வழியாகக் கடல்தண்ணி நேராக வர வழியில்லை.

ஸ்டார்ட் அடிக்கவே கூடாது. சிலிண்டரில் தண்ணி நின்றால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நாசில்களை (டீசல் பீய்ச்சும் முனைகள்) கழற்றிவிட்டு, என்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். தண்ணி பீய்ச்சும் சிலிண்டரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிறமும் ஒரு தகவல்தான். 61 நாள் நின்றபோது மட்டும் இறங்கிய தண்ணி சம்ப்பின் (என்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்கும் தொட்டி) அடியில் தனியாகக் கிடக்கும். மேலே ஆயில் கறுப்பாகவே இருக்கும், ஆயில் அளவுக் கம்பியில் மட்டம்தான் ஏறும். பால் நிறம் என்றால் தண்ணியோடு என்ஜின் ஓடியிருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் வெண்ணெய் போல ஒட்டியிருந்தால் பெரும்பாலும் நீராவிதான். சந்தேகமென்றால், அடுப்பில் காய்ந்த தகட்டில் ஒரு சொட்டு ஆயில் விடுங்கள். சுத்தமான ஆயில் சத்தமில்லாமல் பரவிப் புகையும். ஆயிரத்தில் ஒரு பங்கு தண்ணி இருந்தாலே பொரிந்து குமிழி விடும். தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள்.

ஓரிரவு அசையாமல் விட்டு, சம்ப் பிளக்கை முழுதாக எடுக்காமல் மெதுவாகத் தளர்த்துங்கள். கனமான தண்ணி முதலில் வரும். அதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, சில்வர் நைட்ரேட் நான்கு சொட்டு விடுங்கள். தயிர் போல வெள்ளையாகத் திரிந்தால் உப்பு. ஆனால் ரேடியேட்டரில் ஊற்றியது கடற்கரைக் கிணற்றுத் தண்ணி என்றால் அதுவும் வெள்ளை காட்டும். அந்தத் தண்ணியையும் பக்கத்தில் வைத்துச் சோதித்து ஒப்பிடுங்கள். நாக்கில் வைத்தே சொல்லிவிடலாம் என்று சிலர் வருவார்கள். ஓடிய ஆயில் விஷம், வேண்டாம்.

உப்பு என்றால் முதலில் கடல்தண்ணி பம்ப். கியரில் ஓடும் பம்ப்பில் தண்ணி சீலுக்கும் ஆயில் சீலுக்கும் நடுவே, அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. சீல் போனால் தண்ணி அதன் வழியே வெளியே சொட்ட வேண்டும். பெயின்ட் அடித்தோ உப்புக் கட்டியோ அது அடைபட்டால், தண்ணி தண்டு வழியாக உள்ளே போகும். ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். அடுத்தது, கடல்தண்ணி ஓடும் ஆயில் கூலர்.

நல்லதண்ணி என்றால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே ஆயில் படலம் மிதந்தால் கூலர் மேல்தான் முதல் சந்தேகம்: ஓடும்போது அழுத்தம் கூடிய ஆயில் தண்ணிக்குள் போகும், நின்றதும் தண்ணி ஆயிலுக்குள் வரும். படலம் இல்லையென்றால் சம்ப்பைக் கழற்றி, கைப்பம்ப்பால் ரேடியேட்டரில், மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றி அரைமணி நேரம் விட்டு, கீழிருந்து டார்ச் அடியுங்கள். லைனரின் (சிலிண்டரின் உள்குழாய்) வெளிப்புற அடியில் சொட்டினால் அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போயிருக்கிறது. நாசில் துளை வழியே ஒரு சிலிண்டர் மட்டும் நனைந்து தெரிந்தால் கேஸ்கெட், ஹெட் வெடிப்பு அல்லது லைனர் ஓட்டை. ஹெட்டை இறக்க அப்போதுதான் காரணம் இருக்கிறது.

வடித்த ஆயிலைத் துறைமுகத் தண்ணியில் கொட்டாதீர்கள். அதை வாங்கி வைக்க ஒவ்வொரு ஜெட்டியிலும் ஒரு பீப்பாய் வைக்கச் சொல்லி எத்தனை தடவைதான் கேட்பது? அந்தத் தண்ணியில்தான் நம் பிள்ளைகள் குளிக்கிறார்கள்.

பழுது பார்த்தபின் மலிவான ஆயில் ஊற்றி, லோடு இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டி, சூட்டோடு வடியுங்கள். வெண்மை போகும்வரை இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் புது பில்டர். உப்புத்தண்ணி போயிருந்தால் இதை அன்றைக்கே முடியுங்கள், பேரிங் சில நாளிலேயே அரித்துவிடும்.