வேலை நன்றாகத் தெரிந்தவருக்கு டிரெய்னர் கோர்ஸ் எதற்கு?

9 வருடமாக லைனில் வேலை பார்க்கிறீர்கள், இப்போது கம்பெனி உங்களை டிரெய்னர் ஆக்க ஒரு கோர்ஸுக்கு அனுப்புகிறது, வேலையே தெரிந்த எனக்கு அங்கே என்ன சொல்லித் தரப்போகிறார்கள், போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் செக்‌ஷனில் 11 வருடம் இருந்த பிறகு நானும் இதே கேள்வியோடுதான் போனேன். அதற்கு முன்னால் என்னிடம் வேலை பழக வந்த ஒரு பையன் மூன்றாவது வாரம் சொல்லாமல் நின்றுவிட்டான். "எத்தனை தடவை செஞ்சு காட்டுறது, இதுகூடப் புரியலையா" என்று அவனை எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறேன். அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது, ஏனென்றால் தப்பு அவனிடம் இல்லை என்று அந்தக் கோர்ஸில்தான் தெரிந்துகொண்டேன்.

நான் போனது டிடபிள்யூஐ (டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி) என்கிற பயிற்சி. அதில் ஜாப் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று ஒரு பகுதி, வேலையை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதற்கானது. மொத்தம் 10 மணி நேரம், தினம் 2 மணி வீதம் 5 நாள், ஒரு குழுவில் 10 பேர். 1940இல் அமெரிக்காவில் போர்த் தளவாட வேலைக்காக மெஷினையே பார்க்காத ஆட்கள் ஆயிரக்கணக்கில் ஃபேக்டரிகளுக்குள் வந்தபோது அவர்களைச் சீக்கிரம் பழக்குவதற்காகத் தொடங்கியது. வேலை பழக்க அதில் சொல்லித் தரும் நாலு படி முறைக்கு மூலம் அதற்கும் முந்தையது, முதல் உலகப்போர்க் காலத்தில் கப்பல் கட்டும் ஆட்களைப் பழக்கிய சார்லஸ் ஆலன் என்பவருடையது. போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போனது, டொயோட்டாவின் பயிற்சி முறைக்கு அடிப்படையே இதுதான்.

முதல் நாள் எங்களுக்கு ஒரு முடிச்சு போடச் சொன்னார்கள். பல்ப் ஹோல்டருக்குள் வயர் இழுபட்டு ஸ்க்ரூவிலிருந்து கழன்றுவிடாமல் இருக்க எலக்ட்ரீஷியன்கள் போடுவார்களே, அந்த முடிச்சு. பயிற்றுநர் ஒருவரைக் கூப்பிட்டு வாயால் மட்டும் விளக்கினார், வலது பக்கம் ஒரு வளையம் போடுங்கள், இடது வயரை அடியில் கொண்டுபோங்கள் என்று. அவரால் முடியவில்லை. அடுத்தவருக்கு ஒன்றும் பேசாமல் செய்து மட்டும் காட்டினார், அவராலும் முடியவில்லை, இத்தனைக்கும் அவர் மெயின்டனன்ஸ் ஆள். மூன்றாவது ஆளுக்குப் பக்கத்தில் நின்று (எதிரில் நின்றால் இடம் வலம் மாறிப்போகும்) ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டே செய்தார், மறுபடி செய்யும்போது எந்த இடத்தில் கவனம் வேண்டும் என்று சொன்னார், மறுபடி செய்து அது ஏன் என்று சொன்னார், அப்புறம் வயரை அவர் கையில் கொடுத்துவிட்டார். நாலைந்து நிமிடத்தில் முடிச்சு விழுந்தது. அதுவரை நான் வைண்டிங்கில் செய்துகொண்டிருந்தது அந்த முதல் இரண்டு முறைகளைத்தான்.

ஆனால் கோர்ஸின் உயிர் அந்த முடிச்சில் இல்லை, பிரேக்டவுன் ஷீட்டில் இருக்கிறது. நீங்கள் தினம் செய்யும் ஒரு வேலையை எடுத்து மூன்று நெடுவரிசையாகப் பிரித்து எழுத வேண்டும்: முக்கியப் படி, கவனிக்க வேண்டிய பாயின்ட், அதற்குக் காரணம். ஸ்டேட்டர் (மோட்டாரில் சுழலாமல் நிற்கும் இரும்புப் பகுதி) ஸ்லாட்டில், அதாவது அதன் பள்ளத்தில், காயில் என்கிற கம்பிச் சுருளை இறக்குவதை எடுத்துக்கொண்டேன், கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை, அரை மணியில் எழுதிவிட்டேன். மறுநாள் செக்‌ஷனில் எங்களோடு வேலை பார்க்கும் அக்கா ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஷீட்டைப் படித்துக்கொண்டே செய்தேன். பாதியில் அவர், "அந்த இடது கட்டை விரலைப் பத்தி ஒண்ணுமே எழுதலையே தம்பி" என்றார். எனக்குப் புரியவில்லை. கையைக் கீழே பார்த்தால், வயரை ஏழெட்டு இழையாகப் பிரித்து ஸ்லாட்டுக்குள் விடும்போது என் இடது கட்டை விரல் இன்சுலேஷன் பேப்பரின் ஓரத்தை விரித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பிடிக்காவிட்டால் ஒரு இழை பேப்பருக்கும் இரும்புக்கும் நடுவில் நழுவிப் போகும், மேலே குச்சி அடித்து மூடியபின் வெளியே தெரியாது, டெஸ்டிங்கில் எர்த் (கரன்ட் இரும்புக்குக் கசிவது) காட்டும், மொத்தக் காயிலையும் பிரிக்க வேண்டும். 11 வருடம் அந்த விரல் தானாகப் போய் நின்றிருக்கிறது, ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. அந்தப் பையனின் ஸ்டேட்டர்கள் எர்த் ஆகித் திரும்பி வந்ததெல்லாம் இதனால்தான். வேலை நன்றாகத் தெரிந்தவருக்குத்தான் இந்தக் கோர்ஸ் வேண்டும் என்று சொல்வதற்கு எனக்கு இதைவிட வேறு காரணம் இல்லை, கை பழகப் பழக இந்த மாதிரி விஷயங்கள் நம் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகின்றன.

ஒன்று கவனியுங்கள், இந்த ஷீட் எஸ்ஓபி (வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று கம்பெனி எழுதிவைக்கும் செயல்முறை) இல்லை, பழக வருபவர் கையில் கொடுக்கவும் கூடாது. சொல்லிக் கொடுப்பவர் வரிசை மறக்காமல் இருக்க வைத்துக்கொள்ளும் குறிப்பு அது. சில இடங்களில் இதை லேமினேட் செய்து மெஷினில் தொங்கவிட்டுப் பயிற்சி முடிந்தது என்கிறார்கள், அது வீண்.

உங்கள் கம்பெனி எந்தக் கோர்ஸுக்கு அனுப்புகிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஐடிஐயில் ஆசிரியராகப் போக ஆசை இருந்தால் இது போதாது, சிஐடிஎஸ் என்கிற ஒரு வருடப் படிப்பு வேண்டும், சென்னை கிண்டியில் இருக்கும் மத்திய அரசுப் பயிற்சி நிறுவனமான என்எஸ்டிஐயில் படிக்கலாம். அரசுத் திறன் பயிற்சித் திட்ட மையங்களில் பாடம் எடுக்க அந்தந்தத் துறையின் ஸ்கில் கவுன்சில் சான்றிதழ் கேட்பார்கள். ஃபேக்டரிக்குள் ஆட்களைப் பழக்குவதற்கு நான் சொன்னது மாதிரியான கோர்ஸ்தான் சரி. இரண்டு நாள் ஹோட்டலில் உட்காரவைத்து ஸ்லைடு போட்டு, மேடைப்பேச்சும் உடல்மொழியும் மட்டும் சொல்லித் தரும் கோர்ஸாக இருந்தால், நான் கொண்டுவரும் வேலையை அங்கே செய்து பழக இடம் இருக்கிறதா என்று ஹெச்ஆரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

திரும்பி வந்ததும் நான் முதலில் பழக்கியது பிளஸ் டூ முடித்துவிட்டு வந்த ஒரு பெண்ணை. செய்து காட்டி முடித்ததும் அவரைச் செய்யச் சொன்னேன், நான் வாயைத் திறக்கவில்லை, அதுதான் ரொம்பக் கஷ்டம். நாலாவது தடவை செய்யும்போது அவரே சொல்லிக்கொண்டே செய்தார்: "இங்க பேப்பரை விரிச்சுப் பிடிக்கணும்ண்ணா, இல்லேன்னா வயர் கோர்ல போய் உட்கார்ந்துரும், எர்த் ஆயிரும்." அந்த வாரம் அவர் முடித்த ஸ்டேட்டர் எதுவும் எர்த் என்று திரும்பி வரவில்லை.

நீங்கள் போகும்போது ஐந்து நிமிடத்துக்குள் முடிகிற சின்ன வேலை ஒன்றை யோசித்து வைத்துக்கொண்டு போங்கள், பெரிய வேலையை எடுத்தால் எழுதி முடியாது. அதற்கு வேண்டிய பொருட்களையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு போங்கள், நான் ஒரு பழைய ஸ்டேட்டரைத் தூக்கிக்கொண்டு போனேன்.