மருத்துவர் பதில்: ஜூலி ஏன் இவ்வளவு தண்ணீர் குடிக்கிறது?

கேள்வி: எங்கள் பெட்டை நாய் ஜூலிக்கு 7 வயது. இதுவரை குட்டி போட விட்டதில்லை. ஹீட் (இணை சேரும் பருவம்) முடிந்து 6 வாரம் ஆகிறது. இப்போது காம்பு வீங்கிப் பால் கசிகிறது, பொம்மையை அணைத்துக்கொண்டே படுத்திருக்கிறது. சாப்பாடு குறைந்துவிட்டது, தண்ணீர் நிறையக் குடிக்கிறது. மாதவிலக்கு நிற்கும் வயதோ? குட்டி போடாத நாய்க்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் வரும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. வீட்டில் இருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை இரண்டு நாளாகக் கொடுக்கிறேன்.

பதில்: தண்ணீரைப் பற்றி நாலே வார்த்தையில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அது போதும். ஜூலியைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நாளைக்கு வேண்டாம், இன்றைக்கே.

உங்கள் மனதை அரிப்பது வேறு என்று தெரிகிறது. குட்டி போட விடாமல் வைத்திருந்து தப்பு செய்துவிட்டோமோ என்று. இல்லவே இல்லை. ஒரு முறையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்பது வெறும் பேச்சு. கர்ப்பப்பைப் புற்றுநோய் நாய்களுக்கு மிக அரிது. மாதவிலக்கு நிற்பது என்பதும் நாய்களுக்குக் கிடையாது. வயதானால் ஹீட்டுக்கு இடையே நாள் கூடும், அவ்வளவுதான். பால் கசிவதும் பொம்மையைக் குட்டிபோல் காப்பதும் பொய்ச்சினை. ஹீட் முடிந்து இந்தச் சமயத்தில்தான் வரும், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானாக அடங்கும். காம்பைப் பிழிந்து விடாதீர்கள், பிழியப் பிழிய ஊறும்.

ஆனால் பொய்ச்சினை ஒரு நாயைக் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்க வைக்காது. நான் பயப்படுவது கர்ப்பப்பையில் சீழ் கோத்திருக்குமோ என்று. நாங்கள் பயோமெட்ரா என்போம்.

இது ஏன் ஹீட் முடிந்து சில வாரம் கழித்து வருகிறது என்று புரிந்துகொண்டால் மறக்க மாட்டீர்கள். பசு சினை பிடிக்கவில்லை என்றால், 16, 17 நாளில் கர்ப்பப்பையே, முட்டை உருவாகும் சினைப்பைக்குச் செய்தி அனுப்பி, சினையைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரான் சுரப்பதை நிறுத்திவிடும். அதனால்தான் 21 நாளுக்கு ஒருமுறை மறுபடி பருவத்துக்கு வருகிறது. நாய்க்கு இந்த ஏற்பாடு இல்லை. இணை சேர்ந்ததோ இல்லையோ, சினையோ இல்லையோ, ஹீட்டுக்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு மாதம் புரோஜெஸ்டிரான் சுரந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் கர்ப்பப்பை குட்டிக்காகத் தயாராகிறது: உள்சுவர் தடிக்கிறது, சுரப்பிகள் திரவம் சுரக்கின்றன, கர்ப்பப்பை வாய் மூடிக்கொள்கிறது, கிருமியை எதிர்க்கும் அணுக்களும் அங்கே அடங்கிப் போகின்றன. ஹீட் சமயத்தில் வாய் திறந்திருந்தபோது ஏறிய கிருமிக்கு, பெரும்பாலும் குடலில் வாழும் ஈ.கோலைக்கு, இதைவிட வசதியான இடம் ஏது? வருடா வருடம் இப்படித் தடித்துத் தடித்து உள்சுவர் கெட்டுப்போவதால் நடுவயதைத் தாண்டிய நாய்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறோம்.

நாயின் கர்ப்பப்பை நம்முடையதுபோல் ஒற்றைப் பை அல்ல. நடுவில் சிறிய உடல், அதிலிருந்து கவண்போல் இரண்டாகப் பிரிந்து சினைப்பை வரை நீளும் இரண்டு கொம்புகள். சாதாரண நாளில் ஆபரேஷன் மேசையில் பார்த்தால் ஒவ்வொரு கொம்பும் பென்சில் அளவுகூட இருக்காது. சீழ் கோத்த கொம்பு என் மணிக்கட்டுத் தடிமனுக்கு உப்பி, சுவர் மெலிந்து, விரல் அழுந்தப் பட்டால் கிழிந்துவிடுமோ என்று இருக்கும். வீட்டில் வயிற்றை அமுக்கிப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சரி, தண்ணீருக்கு வருவோம். அந்தக் கிருமி விடும் நஞ்சு சிறுநீரகத்தில் போய், நீரைத் திரும்ப உறிஞ்சும் வேலையைக் கெடுக்கிறது. சிறுநீர் நிறையப் போகிறது, ஈடுகட்ட நாய் குடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு நாளில் கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் அது சாதாரணத் தாகம் இல்லை. கருத்தடை செய்யாத பெட்டை நாய் வைத்திருக்கும் எல்லாருமே ஹீட் முடிந்த இரண்டு மூன்று மாதம் தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் ஒரு கண் வையுங்கள். சீழ் வெளியே கசிந்தால் தெரிந்துவிடும் என்று நம்பியிருக்காதீர்கள். கசிந்தால் நாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும். கர்ப்பப்பை வாய் மூடியிருந்தால் ஒரு சொட்டுக்கூட வராது, அதுதான் இன்னும் ஆபத்து. காய்ச்சல் இல்லையே என்றும் ஆறுதல் வேண்டாம், பல நாய்களுக்கு இருப்பதில்லை.

அந்த மாத்திரையை நிறுத்துங்கள். வேறு யாருக்கோ வாங்கிய மருந்தை அளவு தெரியாமல் கொடுப்பதே தவறு. அதிலும் மூடிய பையில் தேங்கிய சீழ் மாத்திரையால் வடியாது. இரண்டு நாள் நாய் கொஞ்சம் தெம்பாகத் தெரியும், அந்த இரண்டு நாளைத்தான் இழப்போம். ஹீட் வராமல் இருக்க எப்போதாவது ஹார்மோன் ஊசி போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதுவும் புரோஜெஸ்டிரான் வகைதான், இந்த நோய்க்கு வழி திறந்துவிடும்.

ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். சீழ் இல்லை என்றால் தாகத்துக்கு வேறு காரணம் தேடுவார்கள். இருந்தால் டிரிப்ஸ் ஏற்றி உடம்பைத் தேற்றி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுவார்கள். மருந்தால் வடியவைக்கும் முறையும் உண்டு. குட்டி எடுத்தே ஆகவேண்டிய இளம் நாய்க்கு, அதுவும் நிலைமை பார்த்து. அடுத்த ஹீட்டில் பலவற்றுக்குத் திரும்ப வரும். ஜூலிக்கு அதை நான் சொல்ல மாட்டேன். சீக்கிரம் ஆபரேஷன் ஆன நாய்கள் பெரும்பாலும் நன்றாகத் தேறிவிடுகின்றன.

ஹீட் முடிந்த தேதியையும் மாத்திரையின் பெயரையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். இன்றே மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரலாம், அதனால் இனி சாப்பாடு வைக்க வேண்டாம். ஆனால் நிறையக் குடிக்கிறதே என்று தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள். கிளம்பும்வரை கிண்ணம் நிறைந்தே இருக்கட்டும்.