இலவச இன்சுலேஷன் என்று கதவைத் தட்டினால் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் 1900 வாக்கில் கட்டிய, பக்கத்து வீடுகளோடு வரிசையாக ஒட்டிய டெரஸ் வீடு எங்களுடையது. சொந்த வீடு. எரிசக்திச் சான்றிதழில் 'ஈ' தரம் ('ஏ' சிறந்தது, 'ஜி' கடைசி). வீட்டிலுள்ள எல்லோருடைய வருமானமும் சேர்த்து வருடத்துக்கு 34,000 பவுண்டு. அப்பாவுக்கு நெஞ்சுச் சளித் தொல்லை. கேஸ் பில்லுக்குப் பயந்து குளிர்காலத்தில் ஒரே ஒரு அறையில்தான் ஹீட்டிங் போடுகிறோம். போன வாரம் ஒருவர் வந்து, அரசுத் திட்டத்தில் வெளிச்சுவர் முழுக்க இலவசமாக இன்சுலேஷன், அதாவது வெப்பம் வெளியே போகாமல் தடுக்கும் உறை, போட்டுத் தருவதாகச் சொல்லிப் படிவத்தை நீட்டினார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அரசு உதவி கிடைக்க உங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அதை உங்கள் பகுதி உள்ளாட்சியான கவுன்சிலிடம் நீங்களே போய்க் கேளுங்கள். வெளிச்சுவரை மட்டும் எடுத்த எடுப்பில் தொடவிடாதீர்கள்.

காரணம் சொல்கிறேன். 2025 அக்டோபரில் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. எரிசக்தி நிறுவனங்களின் கட்டாயப் பங்களிப்பில் நடந்த ஈகோ4 (ஈகோ திட்டத்தின் நான்காம் கட்டம்), கிரேட் பிரிட்டிஷ் இன்சுலேஷன் ஸ்கீம் ஆகிய இரண்டின் கீழும் செய்த சுவர் வேலைகளைப் பற்றியது அது. வெளிச்சுவர் இன்சுலேஷன் போட்ட வீடுகளில் 98 சதவீதத்தில் திருத்த வேண்டிய குறைகள் இருப்பதாக அதில் மதிப்பிட்டிருந்தார்கள். உட்சுவரில் போட்ட வீடுகளில் 29 சதவீதம். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்றால் அதற்கு மேல் நான் என்ன சொல்ல? அடுத்த மாதமே, 2013 முதல் நடந்துவந்த ஈகோவை முடித்துக்கொள்வதாகப் பட்ஜெட்டில் அறிவித்துவிட்டார்கள். உங்கள் வாசலுக்கு வந்தவர் எந்தத் திட்டத்தின் பெயரைச் சொன்னார் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த வேலையில் என்னதான் கெடுகிறது? உங்கள் வீடு பெரும்பாலும் திடச்சுவர் வீடாக இருக்கும். வெளியே நின்று பாருங்கள்: செங்கல்லின் நீளப் பக்கமும் குட்டைப் பக்கமும் மாறி மாறித் தெரிந்தால், நடுவில் இடைவெளியே இல்லாத ஒன்பது அங்குலச் சுவர். இந்தச் சுவர் மழையில் கொஞ்சம் நனையும், காற்றில் காயும். நூறு வருடமாக அப்படித்தான் தாக்குப்பிடித்திருக்கிறது. அதன்மேல் தடிமனான பலகையை ஒட்டிப் பூசும்போது, ஜன்னல் படி, மழைநீர்க் குழாய், கூரை விளிம்பு என ஒவ்வொரு ஓரத்தையும் சரியாக அடைக்க வேண்டும். ஓர் இடத்தில் விட்டால் போதும், தண்ணீர் பின்னால் இறங்கிவிடும். வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கும். ஈர ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரிதான், குளிரும் குறையாது. அப்புறம் ஜன்னல் ஓரங்களில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். நெஞ்சுச் சளி உள்ளவருக்கு அதுவும் கெடுதல்.

இதனால் சுவர் இன்சுலேஷனே கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்சுலேஷன் இல்லாத வீட்டில் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சுவர் வழியாகத்தான் போகிறது, நாலில் ஒரு பங்கு கூரை வழியாக. ஆனால் கூரை வேலை சுலபம், மலிவு, தப்பு நடக்கும் வாய்ப்பும் குறைவு. அதனால் கூரைக்குக் கீழே உள்ள லாஃப்டில் தொடங்குங்கள். ஏணி போட்டு ஏறி, அங்கே விரித்திருக்கும் இன்சுலேஷன் கம்பளியின் தடிமனை ஸ்கேலால் அளந்து பாருங்கள். பழைய வீடுகளில் பெரும்பாலும் 100 மில்லிமீட்டர்தான் இருக்கும். இன்றைய பரிந்துரை 270. அதன்மேல் பெட்டிகளை அடுக்கி நசுக்கிவிட்டால் பலனில்லை. கூரை ஓரங்களில் காற்று வரும் வழியையும் அடைக்கக் கூடாது. நீங்களே காசு கொடுத்து ஆள் வைத்துப் போட்டாலும் 2027 மார்ச் வரை இதற்கு வாட் வரி கிடையாது.

அடுத்தது மரத்தரை. பலகை இடுக்குகளையும் சுவரோரப் பலகையின் அடியையும் அடைத்தாலே கால் சில்லிடுவது குறையும். ஆனால் வெளியே தரையோரமாக ஓட்டை போட்ட செங்கல் ஒன்றிரண்டு தெரியும், அவற்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மூடாதீர்கள். தரைக்கு அடியிலுள்ள மரச்சட்டங்கள் மூச்சு விடுவது அது வழியாகத்தான். குளிர்க்காற்று வருகிறதே என்று அதில் துணியைத் திணித்து, சில வருடத்தில் தரையே உளுத்துப்போன வீடுகள் உண்டு.

சரி, பணத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் 2025 ஏப்ரலில் தொடங்கிய வார்ம் ஹோம்ஸ் லோக்கல் கிராண்ட் உங்களுக்குப் பொருந்துகிறது. சான்றிதழில் 'டி' முதல் 'ஜி' வரை தரமுள்ள தனியார் வீடாக இருக்க வேண்டும். வரிக்கு முந்தைய குடும்ப வருமானம் 36,000 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. சில அரசு உதவித்தொகைகள் வாங்குவோருக்கும், குறிப்பிட்ட அஞ்சல் குறியீடுகளில் இருப்போருக்கும் இந்த வருமான வரம்பு இல்லாமலே கிடைக்கும். இன்சுலேஷன் போன்ற வேலைகளுக்கு 15,000 பவுண்டு வரை, வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் போன்றவற்றுக்குத் தனியாக 15,000 வரை ஒதுக்கீடு. சொந்த வீட்டுக்காரர் கையிலிருந்து எதுவும் தர வேண்டியதில்லை. எல்லாக் கவுன்சிலும் இதில் இல்லை. அரசு இணையதளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் தெரிந்துவிடும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் திட்டங்கள் வேறு.

விண்ணப்பிப்பதற்கு முன் சான்றிதழை எடுத்து ஒருமுறை வாசியுங்கள். "திடச் செங்கல், இன்சுலேஷன் இல்லை" என்பதன் பக்கத்தில் "அனுமானம்" என்று இருக்கும். அதாவது யாரும் துளை போட்டுப் பார்க்கவில்லை. பத்து வருடம் செல்லும் இந்தச் சான்றிதழ், அஞ்சல் குறியீடு போட்டால் யார் கண்ணுக்கும் தெரியும். கதவைத் தட்டியவருக்கு உங்கள் வீட்டு ஜாதகம் தெரிந்திருந்ததில் ஆச்சரியம் இல்லை.

கவுன்சில் வழியாக ஆள் வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சம்மதிக்க வேண்டாம். நிறுவனம், அரசு அங்கீகரித்த தரப் பதிவு அமைப்பான டிரஸ்ட்மார்க்கில் பதிவானதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். வேலைக்கு முந்தைய வீட்டு மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். அதில் ஈரம், காற்றோட்டம் பற்றி என்ன எழுதியிருக்கிறது, சமையலறைக்கும் குளியலறைக்கும் புகைபோக்கி விசிறி வருமா என்பதுதான் நான் முதலில் பார்ப்பது. அந்தப் பக்கம் காலியாக இருந்தால் வேலையே வேண்டாம் என்பேன். சுவர் வேலைக்கு 25 வருட உத்தரவாதம் யார் பெயரில் என்றும் கேளுங்கள். போட்டவரின் கம்பெனி மூடினாலும் அது நிற்க வேண்டும்.

இதெல்லாம் முடிய மாதக்கணக்காகும். அதுவரை அப்பா இருக்கும் அறை 18 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டி இல்லாமல் அவ்வப்போது வெந்நீர் தரும் காம்பி பாய்லராக இருந்தால், ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் வெப்பத்தை 60 டிகிரிக்குக் குறைத்து வையுங்கள். அறை சூடாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், கேஸ் குறையும். வெந்நீர்த் தொட்டி உள்ள வீட்டில் இதைச் செய்ய வேண்டாம், தொட்டித் தண்ணீர் ஆறினால் கிருமி வளரும். அப்பாவுக்கு, குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான அரசு உதவியான பென்ஷன் கிரெடிட் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். தகுதி இருந்தும் கேட்காமல் விட்டவர்கள் நம்மில் நிறைய. அது வந்து, மின் கணக்கும் அவர் பெயரில் இருந்தால், குளிர்காலத்தில் 150 பவுண்டு வார்ம் ஹோம் டிஸ்கவுன்ட் பில்லிலேயே கழியும்.