ஆறு வருடம் கழித்து நீர்க்கடுப்பு

கேள்வி: டாக்டர் ஐயா, வயது 69. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் மண்டோராக (கங்காணியாக) இருந்தவன். 2018-இல் புரோஸ்டேட் புற்றுநோய்க்கு வயிற்றில் துளை போட்டு ஆப்பரேஷன் ஆனது, கரண்டு (கதிர்வீச்சு) வைக்கவில்லை. பிஎஸ்ஏ (புரோஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) இன்றுவரை 0.1-க்குக் கீழேதான். ஆறு வருடம் ஒன்றுமில்லை. மூன்று மாதமாக நீர் கடுக்கிறது, போகும்போதே சட்டென்று நிற்கிறது, கடைசிச் சொட்டில் ரத்தம். கிளினிக்கில் மூன்று தடவை மருந்து கொடுத்தும் திரும்ப வருகிறது. நோய் திரும்பிவிட்டது என்கிறான் மகன். வீட்டுக்காரி பார்லித் தண்ணி காய்ச்சியே ஓய்ந்துவிட்டாள்.

பதில்: மண்டோர் ஐயா, பார்லியை நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆனால் இது பார்லிக்குக் கரைகிற சமாச்சாரமாகத் தெரியவில்லை.

என் அப்பா தோட்டத்து டிரெசர், தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். ஆண்கள் அவரிடம் எதற்கும் "சூடு" என்று மட்டுமே சொல்வார்கள். நீங்கள் மழுப்பாமல் "சட்டென்று நிற்கிறது" என்று எழுதியது எனக்குப் பெரிய உதவி. சிறுநீர்ப்பையில் கல் இருந்தால், அது உருண்டு வந்து வாயை அடைக்கும்போது அப்படித்தான் நிற்கும்.

கல் எப்படி வந்தது? ஆப்பரேஷனில் ரத்தக்குழாய்களைக் கட்ட சின்னச் சின்ன பிளாஸ்டிக் கிளிப் போடுவார்கள். அவை கரையாது, உள்ளேயே கிடக்கும், தொந்தரவும் கிடையாது. வெகு சிலருக்கு மட்டும் ஒன்று மெல்ல அரித்துக்கொண்டு சிறுநீர்ப்பைக்குள் வந்துவிடும். அதற்கு வருடங்கள்கூட ஆகலாம். கெண்டியில் உப்புப் படிவதுபோல அதன்மேல் படிந்து கல்லாகும். கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ளும். மாத்திரை தீர்ந்ததும் கடுப்பு திரும்புவது அதனால்தான். உள்ளே தையல் போட்ட இடம் தழும்பாகிச் சுருங்கினாலும் நீர் தடைப்படும். ஆனால் அது பெரும்பாலும் முதல் ஓரிரு வருடத்திலேயே தெரிந்துவிடும்.

மகனிடம் சொல்லுங்கள்: பிஎஸ்ஏ 0.2-ஐத் தொட்டு, மறுபடி எடுத்தாலும் அப்படியே இருந்தால்தான் பழைய நோயைச் சந்தேகிப்போம். ஆனாலும் நீரில் ரத்தம் என்றால் சிறுநீர்ப்பையையே பார்த்தாக வேண்டும், அங்கே வேறு கட்டி இல்லை என்று உறுதி செய்ய.

நான்காவது தடவை மருந்து வாங்காதீர்கள். நீரைக் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று பார்க்கும் பரிசோதனைக்கு) கொடுத்துவிட்டு, ஈப்போவில் சிறுநீரியல் நிபுணரிடம் (யூரோலஜிஸ்ட்) எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நீர் போகும் வழியாகக் கேமரா விட்டுப் பார்ப்பார்கள். கிளிப்பாக இருந்தால் அதே வழியாகவே பிடித்து எடுத்துவிடலாம். கல் பெரிதென்றால் லேசரில் உடைப்பார்கள். வயிற்றைத் திறக்க வேண்டிவருவது அபூர்வம். 2018-இன் டிஸ்சார்ஜ் கடிதம் அலமாரியில் எங்கேயாவது இருக்கும், தேடி எடுத்துப் போங்கள்.

அதற்குள் நீர் அடியோடு நின்றாலோ, ரத்தக்கட்டி வந்தாலோ, குளிர்க்காய்ச்சல் அடித்தாலோ அன்றிரவே எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள். அங்கே டியூப் போட வருபவரிடம் முதல் வார்த்தையாக அந்த ஆப்பரேஷனைச் சொல்லுங்கள்.