காலிப் பெட்டிகள்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டை. வயது 41. காரைக்குடிப் பக்கம் முறுக்கு, சீப்புச் சீடை, மசாலாப் பொடி எல்லாம் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் 13 வருடமாக இருக்கிறேன். ஸ்டோர்ஸும் டிஸ்பாட்சும் என் பொறுப்பு. அப்பாவுக்கு பைபாஸ் செய்தபோது மதுரை ஆஸ்பத்திரியில் பணம் கட்டியவர் எங்கள் முதலாளி, பெரியவர்தான். ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை. அவர் காலமாகி மூன்று வருடமாகிறது.

இப்போது மகன் பார்க்கிறார். ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் பெயர் போட்டுத் திட்டுவார். நஷ்டத்தைப் பற்றிப் பேசிய கணக்கு அண்ணனை எல்லார் முன்னாலும் நிற்கவைத்து அவமானப்படுத்தி அனுப்பினார். 80 பேரில் 35 பேர்தான் மிச்சம். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. ஸ்டாக் எண்ணக்கூட ஆள் இல்லை, ஆபீசில் தரும் ஸ்டேட்மென்ட்டில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், அந்த அளவுக்கு நிலைமை. வீட்டில் விட்டுவிடச் சொல்கிறார்கள். உப்பைத் தின்ற இடம் ஐயா. கும்பகர்ணன் போகவில்லையே?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

கும்பகர்ணனா வீடணனா என்று பட்டிமன்றம் கேட்டே வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கியது 1939-இல். அன்றிலிருந்து தீராத வழக்கு இது, நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் கைதட்டலில் ஒன்று காணாமல் போய்விடும். அந்த இரண்டு தம்பிகளுமே அண்ணன் முகத்துக்கு நேரே, சபையில், நீ செய்தது தப்பு என்று சொன்னவர்கள். அதற்குப் பிறகுதான் ஒருவன் போனான், ஒருவன் இருந்தான். உங்கள் கம்பெனியில் அப்படிச் சொன்னவர் கணக்கு அண்ணன் ஒருவர்தான் போலிருக்கிறது. அவரையும் அனுப்பியாயிற்று. தவிர, கும்பகர்ணனுக்கு வீட்டுக் கடன் தவணை கிடையாது.

கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது வேறு வரி. ஸ்டாக் எண்ணாமலே கையெழுத்துப் போடுகிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது.

எழுத்துக்கு வருமுன் நானும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தவன். அங்கும் இப்படித்தான் ஒரு முதலாளி. காலை மீட்டிங்கில் நாற்காலி கிடையாது, அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். உண்மையான எண்ணைச் சொன்னால் பேப்பர் வெயிட் பறக்கும். அதனால் ஆளுக்குக் கொஞ்சம் ஏற்றிச் சொல்லப் பழகினோம். ஒருநாள் கோடவுனில் நடக்கும்போது பின்வரிசைப் பெட்டி ஒன்றில் கை இடித்துக்கொண்டது. டப்பென்று காலிச் சத்தம். பக்கத்துப் பெட்டியைத் தட்டினேன், அதுவும் காலி. முன்னால் இரண்டு வரிசையில் சரக்கு, பின்னால் கூரைவரைக்கும் வெறும் அட்டைப் பெட்டி. எல்லாம் பேங்க் ஆபீசர் பார்வைக்கு. சரக்கைக் காட்டி வாங்கிய சி.சி. (கேஷ் கிரெடிட்) கடனுக்கு மாதாமாதம் ஸ்டாக் கணக்குக் கொடுக்க வேண்டும். சரக்கு குறைந்தால் எடுக்கக்கூடிய தொகையும் குறையும். அந்தக் கணக்கில் முதலாளி கையெழுத்துக்குக் கீழே, ஸ்டோர்ஸ் என்று போட்ட கோட்டின்மேல், என் கையெழுத்து. ஏழு மாதமாகப் போட்டிருக்கிறேன்.

திட்டு வாங்குவதை எத்தனை வருடம் வேண்டுமானாலும் தாங்கலாம், நம் ஆட்கள் தாங்கியிருக்கிறார்கள். எண்ணாத சரக்குக்குக் கையெழுத்துப் போடுவது வேறு. வருகிற மாதக் கடைசியில் நீங்களே இன்னொருவரை வைத்துக்கொண்டு எண்ணுங்கள். எண்ணியதை மட்டும் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தாளை வாங்க மறுத்தார்கள் என்றால் என்னிடம் இன்னொரு கடிதம் போட்டுக் கேட்க வேண்டாம், தள்ளிப்போடாமல் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எப்படி விலகுவது என்பதற்கு நம் பக்கத்திலேயே முறை இருந்தது. நகரத்தார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வட்டிக்கடை வைத்துத் தொழில் செய்யப் போன காலத்தில், கடையை நடத்திய மேலாளுக்கு வேலைத் தவணை சுமார் மூன்று வருடம். தவணை முடிந்தால் ஐந்தொகை (வரவு செலவு, பாக்கி எல்லாம் சேர்த்த முடிவுக் கணக்கு) எடுத்து, பேரேட்டையும் பெட்டிச் சாவியையும் அடுத்து வருகிறவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறுவார். அதை யாரும் துரோகம் என்று சொன்னதில்லை. அந்த ஏற்பாட்டை நான் ஒன்றும் கொண்டாடவில்லை. மீசை முளைக்குமுன் பெட்டியடிப் பையனாக, கடையில் எடுபிடியாகத் தொழில் பழகப் போன பிள்ளைகளின் அழுகை எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. ஆனால் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறவன் ஓடிப்போகிறவன் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நீங்களும் ஸ்டோர்ஸ் சாவிகளை எண்ணி, சரக்குப் பட்டியலோடு கொடுத்து, ஒப்புக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ராஜினாமாவை ஈ-மெயிலிலும் அனுப்புங்கள்.

பணத்தையும் பார்க்க வேண்டும். இன்றே உமாங் ஆப்பில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறங்கள். உங்கள் சம்பளத்தில் பிடித்த தொகையும் கம்பெனியின் பங்கும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். சம்பளம் பாக்கி வைக்கிற இடம் பெரும்பாலும் இதையும் கட்டியிருக்காது. பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது குற்றம், பி.எஃப். அலுவலகத்துக்கு இணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கிராஜுவிட்டி 5 வருடம் முடித்தாலே உண்டு, தானாக விலகினாலும் உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26,000 என்றால் வருடத்துக்கு 15,000. உங்கள் 13 வருடத்துக்கு 1,95,000. கொடுக்க 30 நாள் அவகாசம். கம்பெனி ஒரேயடியாக இழுத்து மூடிவிட்டால் இதற்கெல்லாம் வரிசையில் நிற்க வேண்டிவரும்.

உப்பு விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் பணம் கட்டியது பெரியவர். கம்பெனி இல்லை, மகனும் இல்லை. அவர் வீட்டில் ஆச்சி, அவர் மனைவி, இருப்பார்கள் அல்லவா? ராஜினாமா கொடுப்பதற்கு முதல்நாள் சாயங்காலம் பழத்தட்டோடு போங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் நடமாடுவதை அவர்கள் பார்க்கட்டும். "இத்தனை வருஷம் இருந்துட்டு இப்பப் போறியாடா?" என்று கேட்டால் கேட்டுக்கொள்ளுங்கள், பதில் வேண்டாம். பிள்ளையைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை வரக்கூடாது. ஆச்சிக்குத் தெரியாததா? பலகாரம் வைத்தால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.