பூனை எதைக் கண்டாலும் கடிக்கிறதா? கேள்வி பதில்

பாலக்கோடு: நான்கு மாதக் குட்டி அக்கா. சோபா ஓரம், செருப்பு வார், கட்டில் நாடா எதையும் விடுவதில்லை. அடித்தும் பார்த்தாயிற்று.

அடிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள் தம்பி. பூனைக்குப் பால்பற்கள் 26. மூன்றரை, நான்கு மாதத்தில் அவை விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் 30 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். அதுவரை ஈறு நமநமவென்று இருக்கும், எதையாவது கடித்தால்தான் அதற்கு நிம்மதி. அடி வாங்கிய குட்டி கடிப்பதை நிறுத்தாது. நீங்கள் இல்லாத நேரம் பார்த்துக் கடிக்கும். பிய்த்து விழுங்க முடியாத கெட்டி ரப்பர் பொம்மையைக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துக் கொடுங்கள். சோபாவில் வாய் வைத்தால் சத்தம் போடாமல் தூக்கி, பொம்மை பக்கம் விடுங்கள். செருப்பை அலமாரிக்குள் வையுங்கள்.

கிருஷ்ணகிரி பழையபேட்டை: சோபா கைப்பிடி கந்தலாகிவிட்டது. மிளகாய்த்தூள், கற்பூரம், பாச்சை உருண்டை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வைக்கலாம்?

மூன்றுமே வேண்டாம் அம்மா. மிளகாய்த்தூள் பாதத்தில் ஒட்டி, அதே பாதத்தால் முகம் துடைக்கும்போது கண்ணுக்குப் போகும். கற்பூரமும் பாச்சை உருண்டையும் பூனைக்கு விஷம். பினாயில் போட்டுத் தரை துடைப்பதும் ஆபத்துதான். அந்த வகை ரசாயனத்தைப் பூனையின் ஈரல் சரியாக வெளியேற்றாது. காலை நக்கினால் நேராக உள்ளே போகும்.

முதலில் கைப்பிடியை உற்றுப் பாருங்கள். நூல் நூலாக மேலிருந்து கீழே இழுபட்டிருந்தால் அது நகத்தின் வேலை. ஓரம் மென்றதுபோல் ஈரமாகி ஓட்டை விழுந்திருந்தால் பல். நகம் என்றால், பூனை முழு உடம்பையும் நீட்டி எழுந்து நிற்கும் உயரத்துக்கு ஒரு கட்டையை ஆடாமல் நிறுத்தி, சாக்கை இறுக்கிச் சுற்றி, சோபா பக்கத்திலேயே வையுங்கள். குப்பைமேனி வேரைப் பிடுங்கி அந்தச் சாக்கில் தேய்த்துவிடுங்கள். நம் பக்கம் வேலியோரமெல்லாம் கிடக்கிற செடிதான். அந்த வாசனைக்குப் பல பூனைகள் வந்து உரசிப் புரளும். தின்னக் கொடுக்க வேண்டாம், தேய்ப்பதோடு சரி. பல்லின் வேலை என்றால், கைப்பிடியில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பைச் சில வாரம் ஒட்டி வையுங்கள். பிசுபிசுப்பு பூனைக்குப் பிடிக்காது.

காவேரிப்பட்டினம்: வீட்டில் புடவைக்குக் குஞ்சம் கட்டுகிறேன். நேற்றிலிருந்து பூனை சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது. ஆசனவாயில் பட்டு நூல் தொங்குகிறது. இழுத்துவிடலாமா?

இழுக்காதீர்கள். வெட்டவும் வேண்டாம். இதைப் படித்ததும் டாக்டரிடம் கிளம்புங்கள்.

பூனை நாக்கின் முட்கள் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்தவை. வாய்க்குள் போன நூலை அதனால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். நூலின் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொள்ளும். மறுமுனையைக் குடல் இழுத்துக்கொண்டே இருக்கும். பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குவதுபோல் குடல் சுருங்கி, நூல் அதன் சுவரை அறுத்துவிடும். நீங்கள் இழுத்தாலும் அதேதான் நடக்கும். வாந்தியும் பட்டினியும் சேர்ந்துவிட்டதால் ஒரு இரவுகூடக் காத்திருக்க வேண்டாம். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகச் சொல்லலாம். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம்.

பூனை நலமாகி வந்த பிறகு, நூல்கண்டும் ஊசியும் மூடி போட்ட டப்பாவில்தான் இருக்க வேண்டும். பட்டுக்கூடு விளையும் மாவட்டம் இது. நூல் புழங்காத வீடு குறைவு. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பென்னாகரம்: மூன்று வயதுப் பூனை. இதுவரை ஒழுங்காக இருந்தது, இப்போது கம்பளியையும் பிளாஸ்டிக் கவரையும் தின்கிறது. பால் சோறுதான் போடுகிறோம்.

பெரிய பூனை திடீரென்று இப்படி ஆரம்பித்தால் குறும்பு என்று விட்டுவிடக் கூடாது. ரத்தசோகை, குடற்புழு, வயிற்றுக் கோளாறு எதுவாகவும் இருக்கலாம். ஈறு வெளுத்திருக்கிறதா, ரோமத்தில் தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள்.

பால் சோறு பூனைக்குப் பற்றாது அண்ணா. டாரின் என்ற சத்து அதற்குப் போதிய அளவு இறைச்சி, மீனிலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் பார்வை போகும், இதயம் பலவீனமாகும். வேகவைத்த கோழியும் கோழி ஈரல் சிறிதும் போடுங்கள்; உப்பு, வெங்காயம், எலும்பு கூடாது. பூனைக்கென்று விற்கும் உணவும் தினம் கொஞ்சம் சேரட்டும்.

ஓசூர்: இருவரும் வேலைக்குப் போகிறோம். திரும்பி வந்தால் ஜன்னல் திரையும் சார்ஜர் வயரும் கடிபட்டிருக்கின்றன.

பகல் முழுக்கத் தனியாக இருப்பதற்குப் பொழுது போகவில்லை. கிளம்பும் முன்பும் திரும்பிய பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு விளையாடி, உடனே சாப்பாடு வையுங்கள். வெளியே பார்க்க வலை அடித்த ஜன்னலோரம் ஓர் இடம் கொடுங்கள். வயரை பிளாஸ்டிக் குழாய்க்குள் விடுங்கள், சார்ஜரைக் கழற்றி வையுங்கள். ஷாக் அடித்த பூனை வெளியே நன்றாகத் தெரிந்தாலும், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்கலாம். உடனே காட்டிவிடுங்கள்.

தேன்கனிக்கோட்டை: தொட்டிச் செடிகளையும் கடிக்கிறது.

மணி பிளான்ட் வாயை எரிக்கும், எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். பூங்கொத்தில் வரும் லில்லி வீட்டுக்குள்ளேயே வேண்டாம். அதன் மகரந்தம் பட்டு நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். கடிக்கவென்றே ஒரு தட்டில் கோதுமை விதைத்துவிடுங்கள். சோளம் விதைக்காதீர்கள். இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு விஷமேறிச் சாகக்கூடும் என்று உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.