கடைசி இலக்கம் ஏன் ஆடுகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஆறரை இலக்க மேசை மல்டிமீட்டரை ஆன் செய்தவுடன் 100 மில்லிவோல்ட் ரேஞ்சில் எண்கள் ஊர்ந்துகொண்டே இருக்கின்றன. மீட்டர் பழுதா?

பதில்: பழுது இல்லை. ஒரு மணி நேரம் சூடேற விட்டுப் பிறகு அளவெடுங்கள்.

கேள்வி: மில்லிவோல்ட் அளவு நிலைக்கவே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: எந்த ரேஞ்ச், எதை அளக்கிறீர்கள், அதன் மின்தடை எவ்வளவு, எண் எவ்வளவு ஆடுகிறது என்று எதையுமே எழுதாமல் விடை கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். இன்புட் முனைகள் இரண்டையும் சுத்தமான தடித்த செம்புக் கம்பியால் ஷார்ட் செய்து, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். அப்போது எண் நின்றால், கோளாறு மீட்டருக்கு வெளியே இருக்கிறது.

கேள்வி: ‘நல்’ (Null) பொத்தானை, அதாவது அப்போதைய அளவைக் கழிக்கும் பொத்தானை, அழுத்திப் பூஜ்யமாக்கினாலும் ஐந்தே நிமிடத்தில் 4 மைக்ரோவோல்ட் வந்துவிடுகிறது. காலிபரேஷனுக்கு அனுப்பிவிடட்டுமா?

பதில்: மாதந்தோறும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். காலிபரேஷன் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன் உங்கள் பிளக்குகளைப் பாருங்கள். இரு வேறு உலோகங்கள் சேரும் இடங்கள் ஒரே வெப்பநிலையில் இல்லாவிட்டால் அங்கே வெப்ப மின்னழுத்தம் பிறக்கும். சுத்தமான செம்போடு செம்பு சேர்ந்தால் அது டிகிரிக்கு 0.2 மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. ஈயப்பற்று சேர்ந்தால் 1 முதல் 3 வரை. நிக்கலோடு சேர்ந்தால் ஏறத்தாழ 20. கறுத்துப்போன செம்பு ஆக்சைடோடு சேர்ந்தால் 1000 வரை போகும். நிக்கல் பூசிய பனானா பிளக்கை விரலால் பிடித்துச் செருகிய கையோடு ‘நல்’ அழுத்துகிறீர்கள். விரல் சூடு ஆறும்போது, கழித்து வைத்த அளவும் பொய்யாகிவிடுகிறது. ‘நல்’ அந்தக் கணத்தில் இருந்ததை மட்டுமே கழிக்கும், பின்னால் வரப்போவது அதற்குத் தெரியாது. நானே ஒரு பிற்பகல் முழுவதையும் இப்படித் தொலைத்திருக்கிறேன். மேலே சுழன்ற மின்விசிறியை நிறுத்தி, பிளக்குகளின் மீது ஓர் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்த பிறகுதான் எண் அடங்கியது. ஆகவே முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள், வெறும் செம்புக் கம்பியை நேரடியாக இறுக்குங்கள், செருகிய பின் சில நிமிடம் தொடாமல் காத்திருங்கள். அளக்கப்படும் மின்னழுத்தத்தின் திசையை மாற்ற முடியுமானால், இரு திசையிலும் அளந்து, வித்தியாசத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள்; மாறாத வெப்ப மின்னழுத்தம் தானாகக் கழிந்துவிடும்.

கேள்வி: என்பிஎல்சி (NPLC, ஓர் அளவை எத்தனை மின்சாரச் சுழற்சி நேரம் எடுப்பது என்ற அமைப்பு) எத்தனை வைப்பது?

பதில்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஒரு சுழற்சிக்கு 20 மில்லிவினாடி. 10 வைத்தால் ஓர் அளவுக்கு 200 மில்லிவினாடி ஆகும். பெரும்பாலான வேலைக்கு அது போதும், பொறுமை இருந்தால் 100 வையுங்கள். ஒன்றுக்குக் கீழே வைத்துவிட்டு, மின்கம்பி இரைச்சல் வருகிறது என்று எனக்கு எழுதாதீர்கள். லீடுகள் (அளவெடுக்கும் கம்பிகள்) இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி வைக்கவும்.

கேள்வி: லீடுகளை எதிலும் இணைக்காதபோதும் எண் ஓடுகிறதே?

பதில்: 10 ஜிகா ஓம் இன்புட்டில் அப்படித்தான் ஓடும், ஷார்ட் செய்தால் நிற்கும்.

கேள்வி: பம்ப் மோட்டாரின் சுற்றுத் தடை காலையில் 0.8 ஓம், மாலையில் 0.83. எதை நம்புவது?

பதில்: இரண்டு வயரில் அளந்திருந்தால் எதையும் நம்ப வேண்டாம், ஏனெனில் லீடின் தடையே 0.1, 0.2 ஓம் இருக்கும். நான்கு வயர் முறைக்கு மாறுங்கள்; அதில் மின்னோட்டம் இரண்டு வயரில் போகும், மின்னழுத்தத்தை வேறு இரண்டு வயர் அளக்கும், லீடின் தடை கணக்கில் வராது. அதன் பிறகும் வித்தியாசம் நீடித்தால் அது செம்பின் இயல்பு: டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் தடை ஏறும், 10 டிகிரி சூடேறினால் உங்கள் 0.03 ஓம் வந்துவிடும். சுற்றின் வெப்பநிலையைக் குறிக்காமல் தடையை மட்டும் பதிவேட்டில் எழுதுவதில் பயனில்லை. சுற்றுக்கு இண்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) உண்டு என்பதால், இணைத்தவுடன் தெரியும் எண்ணை எடுக்காமல் அது அடங்கும் வரை காத்திருங்கள்.

கேள்வி: நூறு அளவுகளின் சராசரி எடுத்தால் போதாதா?

பதில்: தற்செயல் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். மெல்ல நகரும் வெப்ப மின்னழுத்தம் அப்படியே சராசரியில் வந்து உட்காரும். பிளக்கைத் தொடாதீர்கள் என்று மூன்றாவது பதிலில் சொன்னது இங்கும் பொருந்தும்.